மின்கம்பத்துக்கு இந்தப் பக்கம்

இந்த மின்கம்பம் வரைக்கும் பசிதான். கம்பத்தைத் தாண்டினால் பயம். மாசா மாசம் இந்த ரேஷன் கடை வரிசையில் நின்று நின்று நான் கண்டுபிடித்தது இது ஒன்றுதான், ஆறாம் வகுப்போடு நின்றவளுக்கு இதுவே அதிகம். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது தலைக்குள் அரிசியைத் தவிர வேறொன்றும் இருக்காது, வேகிற அரிசி, வடிக்கிற அரிசி, கஞ்சியின் மேல் ஆடை கட்டி நிற்கிற சூடு, கால் தானாக ஓடும். வரிசையின் வாலில் போய்ச் சேரும்போதும் அப்படித்தான். முன்னால் நாற்பது பேர் இருக்கையில், கடையில் அரிசி போடுகிற தனகோடி என்பவன் ஒரு சட்டை, ஒரு கண்ணாடி, அவ்வளவுதான், நினைத்தால் சிரிப்புக்கூட வரும். முப்பது பேர் ஆகும்போது அவன் குரல் கேட்கும். இருபது ஆகும்போது அந்தக் குரல் எவளை என்ன சொல்கிறது என்று கேட்கும். இந்தக் கம்பத்தடிக்கு வந்ததும் அவன் கை தெரியும். பசி அப்படியேதான் இருக்கிறது, ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை, பயம்தான் அடிக்கு அடி இரட்டிக்கிறது. இரண்டும் சமமாகிற இடமாகப் பார்த்து யாரோ கம்பம் நட்டு வைத்திருக்கிறார்கள். இங்கே வந்தால் என் கால் நின்றுவிடும். "நீங்க போங்கக்கா," என்று பின்னால் இருக்கிறவளுக்கு வழி விடுவேன். இன்றைக்கு இதுவரை நாலு பேருக்கு விட்டாயிற்று. நாலாவதாகப் போனவள் எங்கள் தெருக் கொளஞ்சியக்கா. போகிறவள் சும்மா போகிறாளா, ஊருக்கே கேட்கிற மாதிரி, "என்னாடி தாமர, தேர் வர்ற மாதிரி எல்லாருக்கும் ஒதுங்கி ஒதுங்கி வழி வுடுற? உனக்கு அரிசி வேணுமா வேணாமா?" என்றாள். நாலைந்து பேர் சிரித்தார்கள். நான் பாப்பாவின் தலைமேல் முந்தானையை இழுத்துப் போர்த்தினேன். பதில் சொல்ல வராதபோதெல்லாம் பாப்பாவின் தலையைப் போர்த்துவது என் பழக்கம், இந்தப் பதினோரு மாசக் குழந்தை அதனாலேயே எந்நேரமும் வேர்த்துக் கொட்டுகிறது. செந்தாமரைக்கு வாயே கிடையாது என்று ஊரில் பெயர். யார் சொன்னது. உள்ளே ஒன்று இருக்கிறது. அந்த உள்வாய் இந்த வரிசையில் நிற்கிற ஒருத்தியையும் இதுவரை விட்டுவைத்ததில்லை.

பாருங்களேன் இவர்களை. விடிந்ததும் வந்து பைக்குள் கல்லைப் போட்டு வரிசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் டீ குடித்துவிட்டு வருகிறவர்கள். ஒன்பது மணி வரைக்கும் இங்கே நிற்பது பைகளும் கற்களும் ஒற்றைச் செருப்புகளும்தான். கல்லைப் பார்த்தால் எனக்கு ஒரு மரியாதை வருகிறது. கல்லின் விரலை யாரும் பிடிப்பதில்லை. எங்கள் ஊர்ப் பெண்களுக்குக் கைரேகை கிடையாது. முந்திரி உடைத்து உடைத்துப் போய்விட்டது. ஓட்டுக்குள் இருக்கிற எண்ணெய் பட்டால் தோல் கறுத்து உரியும், சாம்பலைப் பூசிக்கொண்டு மறுபடி உடைப்போம், மறுபடி உரியும், நாலு வருஷத்தில் விரல் நுனி வழுவழு என்று ஆகிவிடும். அந்த வழுவழுப்பைக் கடையின் ரேகை மிஷினில் வைத்தால் மிஷின் ஆள் யாரென்று தெரியவில்லை என்கிறது. ரேகை விழாவிட்டால் அரிசி இல்லை. ஆனால் தனகோடி சார் நல்லவர். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். விரலை வாங்கி ஈரத்துணியால் துடைப்பார், தேய்ப்பார், வாயால் ஊதுவார், தன் கட்டைவிரலை மேலே கொடுத்து மிஷினோடு சேர்த்து அழுத்துவார். கிழவிகளுக்கு ஓர் அழுத்து. கொளஞ்சியக்கா மாதிரி ஆட்களுக்கு ஒன்றுக்கு இரண்டு. என்னை மாதிரித் தலை நிமிராத ஆட்களுக்கு எத்தனை என்று அந்த மிஷினைத்தான் கேட்க வேண்டும். போன மாசம், "இங்க வெளிச்சம் பத்தல, உள்ள வா," என்றான். வெளிச்சம் வெளியில் கொட்டிக் கிடந்தது, மூட்டைகளுக்குப் பின்னால்தான் இருட்டு, பாப்பாவுக்குக்கூடத் தெரியும். போனேன். ஏன் போனேன்? அரிசி உள்ளே இருந்தது. அரிசி இருக்கிற பக்கம் நடந்தேன், வேறெப்படிச் சொல்வது. ஒரு கை என் விரலில். இன்னொரு கை பாப்பாவின் கால் தொங்குகிற இடத்தில், என் இடுப்பில், குழந்தையைக் கொஞ்சுகிற மாதிரி. பாப்பா சிரித்தது. அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ரேகை விழுந்ததும் கால் கிலோ பருப்பைச் சேர்த்துப் போட்டான். வாங்கிக்கொண்டேன். அன்றைக்கு அந்தப் பருப்பு நன்றாக வெந்தது, பூண்டு தட்டிப் போட்டிருந்தேன், நாக்கு சப்புக் கொட்டியது, இரண்டாம் தடவையும் ஊற்றிக்கொண்டேன். அந்த நாக்கை என்ன செய்யலாம்? அறுத்துப் போட்டால் பேச வராது என்பார்கள். எனக்கு இருந்தும்தான் வரவில்லை.

இந்த மாசமும் உள்ளே கூப்பிடுவான். அது தெரிந்துதான் இந்த மாசம் முழுக்க நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினேன், இன்றைக்குத் தேதி முடிகிறது. இன்று வாங்காவிட்டால் இந்த மாச அரிசி போனது போனதுதான், அடுத்த மாசம் சேர்த்துத் தர மாட்டார்கள். நேற்றே பானையின் அடியைச் சுரண்டியாயிற்று. காலையில் மிச்சமிருந்த சோற்றை அத்தை தின்றாள், நான் நீராகாரத்தைக் குடித்தேன், பாப்பா என்னைக் குடித்தது. ஒன்றும் இறங்கவில்லை போலிருக்கிறது, இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டுப் புதிதாக முளைத்த இரண்டு பல்லாலும் கடிக்கிறது. கடி, கடி, நீயும் கடி. அத்தையிடம் சொல்லிப் பார்த்தேன். சொன்னேன் என்றால் பாதிதான் சொன்னேன். "கைய புடிக்கிறாரு அத்த." அத்தை முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "விரல புடிக்காம எப்பிடிடி ரேகை வைக்கறது? புடிச்சா கையி தேஞ்சா பூடும்?" தேய்ந்துதானே போயிருக்கிறது. அத்தையின் பத்து விரலும் கரைந்த சோப்புத் துண்டு மாதிரி இருக்கும், நாற்பது வருஷ முந்திரி, மிஷின் அவளை மனுஷி என்றே ஒத்துக்கொள்வதில்லை, அதனால்தான் இந்த வரிசை எனக்கு வந்தது. என் வீட்டுக்காரர் கலியபெருமாள் போர்வெல் வண்டியோடு ஆந்திராவில் இருக்கிறாரோ ஒடிசாவில் இருக்கிறாரோ. வாரத்துக்கு ஒரு போன். "சாப்ட்டியா?" என்பார். "ம்," என்பேன். அதோடு அவர் கடமை முடிந்தது, என் பதிலும் முடிந்தது. அவர் விரலில் ரேகை நன்றாக இருக்கிறது, உழுத சால் மாதிரி ஆழம் ஆழமாக. இருந்து என்ன, அது இங்கே இல்லை.

கம்பத்தடியில் சிந்தின அரிசியை மைனாக்கள் பொறுக்குகின்றன. சுற்றுச்சுவர் மேல் கடைப் பூனை படுத்திருக்கிறது, எலிக்கென்று தனகோடி வளர்க்கிற சாம்பல் பூனை, தின்று தின்று தொப்பை போட்டது, கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி நடிக்கிறது. மைனாக்களுக்கு அது நடிப்பு என்று தெரியும். தெரிந்தும் வருகின்றன. ஒரு கொத்து, ஒரு நிமிர்வு. ஒரு கொத்து, ஒரு நிமிர்வு. தூ, இதெல்லாம் ஒரு பிழைப்பா. பூனையை நன்றாகப் பார்க்கலாம், இல்லை அரிசியை நன்றாகத் தின்னலாம், இரண்டையும் அரைகுறையாகச் செய்துகொண்டு. அந்த மைனாக்களில் ஒன்றுக்கு ஒரு கால் கிடையாது. அது நிமிரவே இல்லை. மற்றதெல்லாம் பறந்தபோதும் அது கொத்திக்கொண்டே இருந்தது. தைரியசாலி என்று நினைத்தேன், அப்புறம் பார்த்தால் மார்பெலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது. தைரியமும் இல்லை ஒரு மண்ணும் இல்லை, நிமிர்ந்தால் அந்த ஒரு அரிசியை அடுத்தது கொத்திவிடும், அவ்வளவுதான் கணக்கு. என் தலைக்குள்ளும் இப்படி இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தி நாக்கடியில், ஒருத்தி பிடரியில். நாக்கடியில் இருக்கிறவள் போ போ என்கிறாள். பிடரியில் இருக்கிறவள் ஓடு ஓடு என்கிறாள். ஒருத்திக்கு ஒருத்தி பேச்சுவார்த்தை கிடையாது, ஒரே வீட்டில் இருக்கிற ஓரகத்திகள் மாதிரி, நான் நடுவில். முந்திரிக் கொட்டகையில் உட்கார்ந்திருக்கும்போதும் இதே சண்டைதான். எதிரில் மலை மாதிரி வறுத்த பருப்பு, வாசனை மூக்கைத் துளைக்கும், ஒன்றை வாயில் போட்டால் மேஸ்திரி, "ஆ காட்டு," என்பான். எட்டுப் பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்த கிழவிகூட ஆ காட்டுவாள். பெரிய முந்திரி, பெரிய மேஸ்திரி. நாலு வருஷத்தில் நான் மூன்று பருப்பு தின்றிருக்கிறேன், மூன்றும் சொத்தை. சொத்தைதான் பயமில்லாமல் தின்னக் கிடைக்கும்.

கம்பத்தைத் தாண்டினது நானாக இல்லை. பின்னால் நின்ற கிழவி சாக்கை என் முதுகில் வைத்துத் தள்ளினாள். "போறதுன்னா போம்மா, இல்ல ஒதுங்கு. வெயில்ல நிக்க வச்சி சாவடிக்கிற." பெரிய முடிவெல்லாம் இப்படித்தான் நடக்கிறது, யாரோ சாக்கால் தள்ளுகிறார்கள். தாண்டியாயிற்று. பன்னிரண்டு பேர். பிடரி மயிர் எழுந்து நிற்கிறது, மூத்திரம் முட்டுகிறது, காலையிலிருந்து ஒரு சொம்பு நீராகாரம்தான், அதற்கு இந்த ஆர்ப்பாட்டமா. ஒன்பது பேர். பசி எங்கே போனது என்று தேடினேன், இருந்தது, ஆனால் பக்கத்து வீட்டில் அழுகிற குழந்தை மாதிரித் தள்ளி. ஆறு பேர். இப்போது திரும்பிப் போனால் என்ன ஆகும்? அத்தை மூன்று நாளைக்குப் பேசமாட்டாள், அது நல்லதுதான். பாப்பா? கொட்டகை முதலாளி வீட்டில் போய்ப் பழைய சோறு கேட்கலாம், அங்கேயும் ஒரு திண்டாட்டம் இருக்கும், எங்கே சோறு இருக்கிறதோ அங்கே ஒருத்தன் உட்கார்ந்திருப்பான். சோறு தனியாக இருந்து நான் பார்த்ததில்லை. எனக்கு முன்னால் கொளஞ்சியக்கா. விரலை நீட்டிக்கொண்டே, "நல்லா அழுத்து சார், என் கையி முள்ளு மாதிரி, அப்புறம் உன் கையி கிழிஞ்சி ஊட்டுல போயி என்னா சொல்லுவ?" என்கிறாள். கடையே சிரிக்கிறது. தனகோடி, "ஏ, உன் வாய்க்குப் பயந்தே மிஷின் எடுத்துடும், போ போ," என்று இரண்டே நொடியில் கையை விடுகிறான். நான் அவளை எவ்வளவோ கேவலமாக நினைத்திருக்கிறேன், ஆம்பிளையோடு பல்லைக் காட்டிப் பேசுகிறவள் என்று. அவள் பல்லைக் காட்டினாள், கை தப்பியது. நான் குனிந்து நின்றேன், மூட்டைக்குப் பின்னால் போனேன். மானமுள்ளவள். இதில் யார் கேவலம்?

அப்புறம் நான். தலை நிமிரவில்லை, மேஜை விளிம்பும் மிஷினும் அந்தக் கையும் மட்டும் தெரிகிறது, மோதிரம், நகத்தில் அழுக்கு இல்லை, எங்கள் ஊரில் நகத்தில் அழுக்கில்லாத ஒரே கை. "அடடே, நம்ம பாப்பாவா," என்றான், என்னை இல்லை, பாப்பாவை, என்னைப் பார்த்துக்கொண்டு. "உனக்குத்தான் இங்க ரேகையே எடுக்காதே. உள்ளதான் பாக்கணும். மணி என்னா, ஒண்ணரையா? இரு, ஒரு வாய் சாப்ட்டு வந்துடறேன்." எழுந்து ஷட்டரை இழுத்தான். அது துருப்பிடித்துப் பாதியில் நின்றுவிட்டது, எப்போதும் அங்கேதான் நிற்கும். வரிசை முனகிக்கொண்டு நிழலுக்குக் கலைந்தது. கொளஞ்சியக்கா தன் மூட்டையைத் தூக்கிவிட ஆள் வரும்வரை படியில் உட்கார்ந்தாள். நான் மட்டும் ஷட்டருக்கு உள்பக்கம், மேஜைக்கு முன்னால். நகர்ந்தால் இடம் போய்விடும், நகராவிட்டால் அவன் தின்று முடித்துவிட்டு வருவான். எத்தனை வாய் சோறோ அத்தனை வாய் தூரத்தில் அவன் கை. அப்போதுதான் கேரியரைத் திறந்தான். கருவாட்டுக் குழம்பு. ஐயோ. நெத்திலிக் கருவாடு, கத்தரிக்காய் போட்டது, புளி நன்றாகக் கரைத்துச் சுண்ட வைத்தது, நல்லெண்ணெய் மேலே மிதக்கிறது, பார்க்காமலே சொல்வேன். மூக்கு வழியாக ஏறி நேராகப் போய் நாக்கடியில் இருக்கிறவளைத் தலைமயிரைப் பிடித்து எழுப்பியது. பிடரியில் இருந்தவள் என்ன ஆனாள் என்று தெரியவில்லை. கண் நிமிர்ந்தது. நான் நிமிர்த்தவில்லை, இதைத் தைரியம் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம், அந்த ஒற்றைக்கால் மைனாவுக்கு இருந்ததுதான் எனக்கும். வாசனை போன வழியில் கண் போனது.

சர்க்கரை மூட்டை மேல் உட்கார்ந்து முதுகைக் காட்டிக்கொண்டு தின்கிறான். சுவரைப் பார்த்து. முட்டைகூட இருக்கிறது, அவித்த முட்டை, இரண்டாக அரிந்து, மஞ்சள் கரு என்னைப் பார்க்கிறது. இத்தனை பெரிய கடைக்குச் சொந்தக்காரன் மாதிரி நடக்கிறவன் ஏன் இப்படி மூலையில் குந்தித் தின்கிறான்? ஒரு வாய் வைத்தான். திரும்பிப் பார்த்தான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டென்று திரும்பி இடக்கையால் கேரியர் மூடியை முட்டைக்குக் குறுக்கே நிறுத்தினான். இன்னொரு வாய். மறுபடி திரும்பினான். நான் அங்கேயேதான். அவன் கண்ணை நான் இதுவரை பார்த்ததில்லை, கையைத்தான் தெரியும். கண் சின்னதாக, ஈரமாக, கண்ணாடிக்குப் பின்னால் அவசர அவசரமாக இருந்தது. "என்னா, என்னா அப்பிடிப் பாக்கற?" என்றான். எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. கண்ணு பட்டுவிடும் என்று பயப்படுகிறான். பசித்தவள் பார்க்கத் தின்றால் தின்றது உடம்பில் ஒட்டாது, வயிற்றைப் பிடித்துக்கொள்ளும், நம் எல்லார் வீட்டிலும் சொல்வதுதான், பசித்த பிள்ளை எதிரில் நின்றால் ஒரு வாய் கொடுத்துவிட்டுத்தான் நாமும் தின்போம். எனக்குக் கூரை ஓட்டையில் வெயில் விழுந்த மாதிரி உள்ளே ஒன்று பளிச்சென்றது. ஒரு கொத்து, ஒரு நிமிர்வு. இவனா? இந்த ஆளா? இதற்கா நான் ஒரு மாசம் அரிசி வாங்காமல் பிள்ளைக்குப் பால் வற்ற விட்டேன்? சீ. பயந்ததைவிட இந்த மாதிரி ஓர் ஆளுக்குப் பயந்தது என்று நினைக்கத்தான் உடம்பு கூசியது. பூனை என்று நினைத்துக்கொண்டு பெருச்சாளிக்கு வழி விட்டிருக்கிறேன். பார்த்தேன். இப்போது வேண்டுமென்றே பார்த்தேன். சோற்றைப் பிசைகிற விரலைப் பார்த்தேன், உருட்டுகிறதைப் பார்த்தேன், வாய்க்குப் போகிறதைப் பார்த்தேன், தொண்டையில் இறங்குகிற மேடு வரைக்கும் கூடவே போனேன். என் கண்ணில் என்ன இருந்ததோ, பிறந்ததிலிருந்து தின்னாத எல்லாச் சோறும் இருந்திருக்கும்.

விக்கல் எடுத்தது அவனுக்கு. ஒன்று, இரண்டு, அப்புறம் நிற்கவே இல்லை. படியிலிருந்து கொளஞ்சியக்கா எட்டிப் பார்த்து, "என்னா சார், யாரோ உங்க சாப்பாட்டு மேல கண்ணு வச்சிட்டாங்களா?" என்றாள். என்னைப் பார்த்தாள், பாப்பாவைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "யப்பா, பால் குடுக்கறவ கண்ணு சார் அது. எங்க பெரிய மாமனாருக்கு அப்பிடித்தான் மூணு நாளு மோருகூட எறங்கல." அவளுக்குப் பெரிய மாமனாரே கிடையாது. தனகோடி ஒரு உருண்டையைத் தலையைச் சுற்றி ஜன்னல் வழியாகக் காக்கைக்கு எறிந்தான், தண்ணீரைக் குடித்தான், விக்கினான், பாதிச் சோற்றோடு கேரியரை மூடினான். கையைக் கழுவிவிட்டு வந்து மேஜைக்கு அந்தப் பக்கமே, ஒரு முழம் தள்ளியே நின்றான். "உள்ள போவணுமா சார்?" என்றேன். நானா கேட்டது? என் குரல்தான், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி. "வேணாம் வேணாம், இங்கியே வை. ஹிக். நீயே வை." பெருவிரலை வைத்தேன். எடுக்கவில்லை. எனக்குக் கல்யாணமாகி வந்ததிலிருந்து பெருவிரல்தான் எடுக்கும், மற்றதெல்லாம் மிஷினுக்குத் தெரியாது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். "அடுத்த விரல வை," என்றான் இப்போது, தரையைப் பார்த்துக்கொண்டு. ஆள்காட்டி விரல். இல்லை. நடு விரல். இல்லை. மோதிர விரல், சுண்டு விரல், இல்லை, இல்லை. பாப்பாவை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு இடது கையை எடுத்தேன். பின்னால் கிழவி, "பத்து விரலும் வச்சி ஜாதகமா பாக்குறீங்க?" என்று கத்தினாள். இடது சுண்டுவிரல் முந்திரியைத் தொடுவதே இல்லை, கொட்டையைப் பிடிக்கும்போது அது மட்டும் துரைசாணி மாதிரித் தள்ளி நிற்கும். அதை வைத்ததும் மிஷின் கீக் என்றது. சீட்டு வந்தது. அவ்வளவுதான். ஈரத்துணி இல்லை, ஊதல் இல்லை, வெளிச்சம் இல்லை. இத்தனை மாசமாக இந்தப் பயனற்ற விரல் என்னோடுதான் இருந்திருக்கிறது, நான் அவனிடம் பெருவிரலைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இருபது கிலோவையும் தராசு முள் நிற்கும்வரை பார்த்து, மேலே ஒரு கை அள்ளிப் போட்டு நிறுத்துக் கட்டினான். அப்படி நிறுத்து இந்த ஊர் பார்த்ததில்லை. அப்புறம் அந்த முட்டை. அரை முட்டையைச் செய்தித்தாள் துண்டில் வைத்து மேஜை மேல் நகர்த்தினான், விரலால் இல்லை, பேனாவால். "எடுத்துக்கம்மா. கொழந்தைக்குக் குடு." அம்மாவாகிவிட்டேன். எச்சில் பொங்கிக்கொண்டு வந்தது, காது வரைக்கும் வலித்தது. மஞ்சள் கருவின் ஓரத்தில் ஒரு மிளகுத் தூள். எடுத்தால் என்ன? எடுத்தால் கண்ணு கழிந்துவிடும். பசித்தவளுக்குக் கொடுத்துவிட்டான், தின்றது செரிக்கும், விக்கல் நிற்கும், அடுத்த மாசம் "உள்ள வா" என்பான், அன்றைக்குப் பருப்பை வாங்கின மாதிரி நான் போவேன். எடுக்காவிட்டால் அந்தப் பாதிச் சோறு அவன் வயிற்றில் கல்லாகக் கிடக்கும், செரித்தாலும் செரிக்கவில்லை என்றே நினைத்துக்கொண்டு கிடப்பான். என் கண்ணுக்கு அப்படி ஒரு சக்தி உண்டா என்று கேட்டால், எனக்கு நம்பிக்கை இல்லை, இருந்திருந்தால் எங்கள் அத்தை இத்தனை வருஷம் தெம்பாக இருந்திருக்க முடியாது. ஆனால் அவன் நம்புகிறான், அது போதும். பாப்பா கையை நீட்டியது. ஐந்து விரலையும் விரித்துக்கொண்டு, அதற்குப் பயம் என்றால் என்னவென்று தெரியாது, முட்டை என்றால் தெரியும். அதன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டேன். வீல் என்று கத்தியது. "கொழந்தைக்காச்சும் குடேம்மா," என்றான், விக்கலுக்கு நடுவில், கெஞ்சலாகவே. "வேணாம் சார்," என்றேன். "நீங்க சாப்புடுங்க." அவன் முகத்தைக் கடைசியாக ஒரு தடவை நன்றாகப் பார்த்துக்கொண்டேன், பாதியில் நின்ற ஷட்டருக்கடியில் குனிந்து வெளியே வந்தேன்.

கொளஞ்சியக்காதான் மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்தாள். "முட்டைய ஏண்டி வுட்ட? புள்ள கத்துது பாரு. திமிரு புடிச்சவ." திமிர் பிடித்தவள். அதை என்னைப் பார்த்து யாரும் சொன்னதில்லை, நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பாக நன்றாக இருந்தது. "சுண்டு விரல வையிக்கா அடுத்த தபா," என்றேன். "என்னாது?" என்றாள். "எடது சுண்டு விரலு." அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள், பேசத் தெரியுமா இவளுக்கு என்று. பள்ளிக்கூடம் வரைக்கும் நடந்தேன். அங்கே கால் விட்டுவிட்டது, பயம் இப்போதுதான் வருகிறது, எல்லாம் முடிந்த பிறகு, லேட்டாக வந்த வாத்தியார் மாதிரி, மூட்டையை மதகுக் கட்டை மேல் சாய்த்துவிட்டு உட்கார்ந்தேன். பாப்பா கத்திக் கத்தித் தொண்டை கட்டி மார்பைத் தேடுகிறது. சேர்த்துக்கொண்டேன். அதற்கு நான் செய்தது துரோகம்தான், அரை முட்டையை வாயிலிருந்து பிடுங்கினேன், எதற்கு, ஒருத்தன் வயிறு கனக்கட்டும் என்பதற்கு. பெரிய மகராசி. அது வளர்ந்து கேட்டால் என்ன சொல்வேன் என்று தெரியவில்லை. அடுத்த மாசம் அவன் எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டுவிட்டுத் தெளிந்து உட்கார்ந்திருப்பான், எனக்கும் இந்தப் பயம் அப்படியே திரும்ப வரும், அதுவும் தெரியும். பல்லால் கட்டை அவிழ்த்தேன். ஒரு பிடி அரிசியை அள்ளி வாயில் போட்டேன். புழுங்கல் அரிசி, ஒரு கல்லும் இருந்தது, துப்பிவிட்டு மென்றேன், மாவு நாக்கில் கரைந்து இனித்தது. பஸ் ஒன்று வருகிறது. ஜன்னல் ஜன்னலாக முகங்கள். கல்யாணமான நாளிலிருந்து நான் ஓர் ஆம்பிளை எதிரில் ஒரு வாய் வைத்ததில்லை, வீட்டில்கூட அடுப்புப் பக்கம் திரும்பித்தான் தின்பேன். பஸ் மெதுவாகத்தான் போகிறது. டிரைவர் பார்க்கிறார், படியில் தொங்குகிறவன் பார்க்கிறான், நான் கன்னம் இரண்டும் உப்ப மென்றுகொண்டே இன்னொரு பிடி அள்ளுகிறேன்.